அத்தியாயம் 7: கை நுழையாத இடத்தில் அறுப்பது

சைலன்சர் கழற்ற வந்த வண்டியில் நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றியாயிற்று. ஸ்பானரில் பைப் மாட்டி இழுத்தாயிற்று. நட்டின் மூலைகள் உருண்டு வட்டமானதுதான் மிச்சம். ஏஜி-4 என்கிற 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுபோனால் அதன் தலை சேசிஸில் இடிக்கிறது. கேஸ் கட்டர் வைக்கலாமென்றால் ஒரு சாண் தள்ளி பிரேக் ஹோஸும் வயரிங்கும் ஓடுகின்றன. டை கிரைண்டரை எடுக்க வேண்டிய இடம் இது.

ஏஜி-4 நுழைகிற இடத்தில் டை கிரைண்டரால் அறுக்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். காரணம் கருவியின் பெயரிலேயே இருக்கிறது. டை என்றால் அச்சு. பிளாஸ்டிக் டப்பாவும் தகட்டு மூடியும் அடிக்கிற எஃகு அச்சுகளின் உள்வளைவுகளைத் தேய்த்து மட்டப்படுத்த வந்த கருவி இது. அம்பத்தூர், ஓசூர், கோவைப் பக்கத்து டூல் ரூம்களில் இன்றும் அதற்குத்தான் பயன்படுகிறது. அறுக்கிற வேலையை நாம் பின்னால் அதன் தலையில் கட்டினோம். அதனால் அதற்கு வீலை மூடும் கவசம் கிடையாது, பக்கவாட்டுக் கைப்பிடி கிடையாது.

சில எலக்ட்ரிக் டை கிரைண்டர்களின் கையேட்டில் கட்டிங் வீல் போடுவதைத் தவிர்க்கும்படியே எழுதியிருப்பார்கள். உங்களுடையதில் அப்படி இருந்தால், அதைத் தேய்ப்புக்கும், சுழலும் அரமான பர்ருக்கும் வைத்துக்கொண்டு, அறுப்பதற்குக் கவசத்தோடு வரும் 3 அங்குல ஏர் கட்டிங் டூல் ஒன்று வாங்குங்கள். சின்னப் பட்டறையில் யாரும் இரண்டு வாங்குவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதாமல் விட முடியாது.

வேகமும் சத்தமும்

75 மி.மீ. வீலை நிமிடத்துக்கு 20,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு நொடிக்கு 78 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 280 கி.மீ. 11,000 சுற்றில் ஓடும் ஏஜி-4இன் 100 மி.மீ. வீல் விளிம்பில் நொடிக்கு 58 மீட்டர்தான். வேகத்தில் டை கிரைண்டர் முந்துகிறது.

பலம் வேறு கதை. 400 வாட் மோட்டாரின் சக்தி முழுவதும் வீணாகாமல் வீலுக்கு வந்தாலும், அந்த வேகத்தில் விளிம்பில் கிடைக்கும் இழுவிசை அரை கிலோ எடைக்குச் சமம். 850 வாட் ஏஜி-4இல் அதே கணக்கு ஒன்றரை கிலோ வரும். மூன்றில் ஒரு பங்கு பலம் உள்ள கருவியை ஏஜி-4 மாதிரி மேலே சாய்ந்து அழுத்தினால் என்ன ஆகும்? சுற்று விழுகிறது. வீல் அறுப்பதை விட்டுவிட்டு உரச ஆரம்பிக்கிறது. உரசினால் சூடு. இரும்பின் ஓரம் முதலில் வைக்கோல் நிறமாகும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். பதமேற்றிய எஃகாக இருந்தால் அந்த நீல ஓரத்தில் பதம் இறங்கியிருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம், காது போதும். சும்மா ஓடும்போது கருவி கீச்சென்று ஒரே சுருதியில் நிற்கும். இரும்பில் பட்டதும் சுருதி கொஞ்சம் இறங்கும். அந்தக் கொஞ்சம் இறங்கிய இடத்திலேயே அதை நிறுத்திவைப்பதுதான் வேலை. உறுமல் கேட்டால் அழுத்தம் அதிகம், கையைத் தளர்த்துங்கள். சுருதி இறங்கவே இல்லையென்றால் வீல் இரும்பைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. நான் வேலை பழகிய இடத்தில் மேஸ்திரி அடுத்த ஷெட்டில் டீ குடித்துக்கொண்டே, "டேய் தம்பி, சாயாதடா" என்று குரல் கொடுப்பார். அவருக்கு என்னைப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. இயர் பிளக் போட்டால் சத்தம் கேட்காதே என்று கேட்பவர்கள் உண்டு. போடுங்கள். சத்தம் அடங்குமே தவிர, ஏற்ற இறக்கம் நன்றாகவே தெரியும்.

வீல் தேய்ந்து சிறுத்துக்கொண்டே வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 75 மி.மீ. வீல் 50க்குத் தேய்ந்ததும் அதே 20,000 சுற்றில் விளிம்பு வேகம் நொடிக்கு 52 மீட்டராகிவிடுகிறது. வேலை மந்தமாகும், கை தானாக அழுத்தத் தொடங்கும். பெரிய வேலைக்குப் புது வீல் மாற்றிக்கொள்ளுங்கள். தேய்ந்ததை எறிய வேண்டாம், டப்பாவில் போட்டுவையுங்கள். இண்டு இடுக்கில் நுழைய அதற்கு ஈடு எதுவும் இல்லை.

வீலின் முகத்தைப் படியுங்கள்

கட்டிங் வீலில் அச்சிட்டிருப்பதில் முதலில் பார்க்க வேண்டியது அதிகபட்சச் சுற்று. அது கருவியின் சுற்றுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். நொடிக்கு 80 மீட்டர் தாங்கும் வீல்களில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அதே 80 மீட்டரைச் சுற்றுக் கணக்காக மாற்றினால் 50 மி.மீ. வீலுக்கு 30,500, 75 மி.மீ.க்கு 20,300, 100 மி.மீ.க்கு 15,200 என்று வரும். அதாவது 25,000 சுற்றுக் கருவியில் சிவப்புக் கோட்டு 75 மி.மீ. வீல் போடுவதே எல்லை மீறல். வேகம் குறைக்கும் திருகு இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சின்ன வீல், அல்லது 25,000 என்றே அச்சிட்ட வீல் வாங்குங்கள்.

பட்டறைகளில் நடக்கும் மிக மோசமான காரியம், ஏஜி-4இன் 100 மி.மீ. வீலை ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டி டை கிரைண்டரில் போடுவது. 22,000 சுற்றில் அதன் விளிம்பு நொடிக்கு 115 மீட்டர் ஓடும். வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும் என்பதால், வீல் தாங்கச் செய்யப்பட்டதைவிட அது இரண்டு மடங்குக்கு மேல். மூடி மறைக்கக் கவசமும் இல்லை. மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நூல் உதவாது.

வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி, செய்த நாளிலிருந்து 3 வருடம். வீலுக்குள் நார்வலையை ஒட்டிப் பிடித்திருக்கும் பிசின் ஈரத்தில் வலுவிழக்கும். மழைக்காலத்தில் ஜன்னலோரம் கிடந்த வீல், கீழே விழுந்த வீல், ஓரம் சிதைந்த வீல் எல்லாம் குப்பைக்கு. சாணைக்கல்லைத் தட்டிச் சத்தம் பார்ப்பதுபோல் இதைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மெல்லிய தகட்டுக்கு 1 மி.மீ. கனமுள்ள வீல். போல்ட், ஆங்கிள் போன்றவற்றுக்கு 1.6. மெல்லியது வேகமாக அறுக்கும், பக்கவாட்டில் நெரித்தால் உடையும். எஸ்.எஸ். அறுக்கத் தனி வீல் வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். அறுத்த வீலை எஸ்.எஸ்.ஸில் வைத்தால் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அறுத்த ஓரம் துருப்பிடிக்கும். கஸ்டமர் மட்டமான எஸ்.எஸ். போட்டுவிட்டீர்கள் என்று சண்டைக்கு வருவார்.

மாட்டுவது

வீல் நேரே கருவியில் ஏறாது, 6 மி.மீ. தண்டுள்ள மாண்ட்ரலில் ஏறும். தண்டைக் கருவியின் பிடிவாயான கோலட்டில் அடிவரை தள்ளி, ஒரு மி.மீ. பின்னால் இழுத்து இறுக்குங்கள். தண்டின் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். எட்டவில்லை என்று தண்டை வெளியே இழுத்துப் பிடிப்பது எல்லோரும் ஒருநாள் செய்யும் தப்பு. அந்தச் சுற்றில் நீட்டிய தண்டு வளையும், வளைந்ததும் சாட்டை மாதிரி வீசும். 6 மி.மீ. கோலட்டில் கால் அங்குலத் தண்டு போகாது, கால் அங்குலக் கோலட்டில் 6 மி.மீ. போட்டால் சரியாகப் பிடிக்காது. வித்தியாசம் 0.35 மி.மீ.தான், ஆனால் பறந்து வந்து மார்பில் குத்த அது போதும். எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அல்லது ஏர் ஹோஸைக் கழற்றிவிட்டு.

புது வீல் மாட்டியதும் கருவியை வேலை மேசைக்கு அடியில் நீட்டி ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். உடைவதாக இருந்தால் அங்கேயே உடையட்டும். கையில் அதிர்வு தெரிந்தால் நிறுத்தி மறுபடி மாட்டுங்கள்.

காற்றுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கருவியின் வாயில் 90 பி.எஸ்.ஐ. அழுத்தம், அதுவும் ஓடும்போது. பெட்டியில் 4 சி.எஃப்.எம். என்று போட்டிருப்பது விட்டுவிட்டு ஓட்டுவதற்கான சராசரி. விடாமல் ஓட்டினால் பல மடங்கு குடிக்கும். 2 ஹெச்.பி. கம்ப்ரஸர் 6 முதல் 8 வரைதான் தரும் என்பதால் பத்து நொடி அறுத்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அறுக்க வேண்டியிருக்கும். வீலுக்கும் அது நல்லதே. வேகம் போதவில்லை என்று ரெகுலேட்டரை 120க்குத் திருகாதீர்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இல்லாத கருவியில் சுற்றும் சேர்ந்து ஏறி, வீலின் எல்லையைத் தாண்டிவிடும்.

பொறி போகும் பக்கம்

பிடி விஷயத்தில் ஒன்றுதான்: கருவி அந்தரத்தில் தொங்கக் கூடாது. வலது கை பிடியில், இடது கை கழுத்தருகே. இடது உள்ளங்கையின் அடிப்பகுதியோ முழங்கையோ ஜாப்பின் மீதோ சட்டத்தின் மீதோ ஊன்றியிருக்கட்டும். எழுதும்போது கையை மேசையில் ஊன்றுகிறோமே, அதுபோல.

தள்ளும் திசைதான் பலர் சொல்லிக்கொடுக்காமல் விடுவது. பொறி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் நோக்கி வீலை நகர்த்துங்கள். அப்போது வீல் உங்கள் கையைப் பின்னுக்குத் தள்ளும், நீங்கள் எதிர்த்து மெல்லத் தள்ளுவீர்கள். கட்டுப்பாடு உங்களிடம் இருக்கும். எதிர்த்திசையில் நகர்த்தினால் வீல் தன்னை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும், பள்ளத்தை விட்டு ஏறித் துள்ளும். கருவி உங்களை இழுக்கிறது என்று தோன்றிய உடனே திசை தப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

பள்ளம் வீலை நெரிக்காமல் பார்ப்பதும் அதே அளவு முக்கியம். அறுபடும் துண்டு தொங்கிக்கொண்டிருந்தால், கடைசி மில்லிமீட்டரில் அது சாய்ந்து வீலைக் கவ்வும். தொங்கும் பக்கத்தைப் பள்ளம் விரிகிற மாதிரி முட்டுக்கொடுங்கள். வைஸில் பிடித்தால் வெட்டு தாடைக்கு வெளியே இருக்கட்டும். வீல் சுழலும் தளத்துக்கு நேராக உங்கள் முகமோ கழுத்தோ வேண்டாம். வெடித்தால் துண்டுகள் அந்தத் தளத்தில்தான் பறக்கும்.

கழுத்தில் துண்டு, கையில் சாமிக் கயிறு, லுங்கி, ரப்பர்ச் செருப்பு இவற்றோடு இந்தக் கருவியைத் தொடாதீர்கள். பாலியெஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி ஓட்டையாவதோடு போகும். கண்ணாடி போட்டு, அதற்கு மேல் முகக்கவசமும் போடுங்கள். கவசத்துக்குக் கீழ்வழியாகத் துகள் எகிறிக் கண்ணில் விழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விழுந்துவிட்டால், பக்கத்து ஆளிடம் தீக்குச்சியால் எடுக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. விழியில் தைத்த இரும்புத்துகள் சில மணி நேரத்திலேயே சுற்றிலும் துரு வளையம் போடத் தொடங்கும். துகளை எடுத்தாலும் வளையம் தங்கும். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இறுகிய நட்டு

சைலன்சர் நட்டுக்குத் திரும்புவோம். 19 ஸ்பானர் பிடிக்கும் 12 எம்.எம். நட்டில், தட்டைப் பக்கத்திலிருந்து மரை தொடங்கும் இடம் வரை சுவர் வெறும் 3.5 மி.மீ. நட்டு முழுவதையும் அறுக்க வேண்டியதில்லை, ஒரு பக்கத்தைச் சீவி எடுத்தால் போதும்.

முதலில் பிரேக் ஹோஸையும் வயரையும் முடிந்தால் விலக்கிக் கட்டுங்கள், விலக்க முடியாததைத் தகட்டால் மறையுங்கள். பொறி தரைப் பக்கம் விழும்படி நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தேய்ந்த 50 மி.மீ. வீல் போதும். ஊறப்போட்ட மண்ணெண்ணெயைத் துடைத்துவிடுங்கள், பொறிக்கு அது தீனி. ஸ்டட்டின் நுனிப் பக்கமிருந்து, வீல் ஸ்டட்டுக்கு இணையாகவும் நட்டின் ஒரு தட்டைப் பக்கத்துக்கு இணையாகவும் இருக்கும்படி வைத்து, வீலின் நடு விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே வரும்படி நேராக இறக்குங்கள். முதலில் லேசாகத் தொட்டு ஒரு கோடு மட்டும் போட்டு, கருவியை எடுத்துப் பாருங்கள். கோடு சரியாக இருந்தால் அதே கோட்டில் முன்னும் பின்னும் வருடியபடி ஆழப்படுத்துங்கள். வீலின் கனம் போக மரைக்கு வெளியே அரை மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகச் சுவர் நிற்கும். வாஷரைத் தொட்டதும் பொறியின் போக்கு மாறும். நிறுத்துங்கள்.

சீவிய துண்டு விழுந்ததும், நின்ற மெல்லிய சுவரில் உளியை வைத்து இரண்டு தட்டு. நட்டு வாய் பிளந்து கையோடு வரும். ஸ்டட்டின் மரையில் லேசாகக் கீறல் விழுந்திருந்தால் மரை வெட்டும் டை ஓட்டிச் சரிசெய்யலாம். ஸ்டட் உடைந்து மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தால், அதன் நெற்றியில் தேய்ந்த வீலால் ஒரு பள்ளம் வெட்டித் திருப்புளி போட்டுப் பார்க்கலாம். பத்தில் மூன்று தடவை வரும். மற்ற தடவைகளுக்கு அடுத்த அத்தியாயம்.

பாடித் தகடு

கரூரில் பஸ் பாடி கட்டும் கூடமானாலும் தெருமுனை டிங்கரிங் ஷெட்டானாலும் டை கிரைண்டருக்கு அதிகம் கிடைக்கும் வேலை, துருப்பிடித்த தகட்டைக் கட்டம் கட்டி வெட்டி எடுப்பது. தகடு 0.8 மி.மீ. அளவுதான், வெட்டுவது சுலபம். கஷ்டம் அதன் பின்னால் இருப்பதில். உள்பக்கம் போய்ப் பார்க்காமல் வீலை வைக்காதீர்கள். வயர் கட்டு, பெட்ரோல் குழாய், பஞ்சு, தார்ப் பூச்சு எதுவும் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். வீல் 2 மி.மீ.க்கு மேல் உள்ளே போகத் தேவையே இல்லை.

மூலைகளில்தான் அனுபவம் தெரியும். வட்ட வீலால் சதுர மூலையை வெட்டப் போனால் மூலையைத் தாண்டிக் கோடு ஓடிவிடும். அந்தக் கூடுதல் கோட்டின் நுனியிலிருந்துதான் பின்னால் விரிசல் கிளம்பும். நான்கு மூலைகளிலும் முதலில் 6 மி.மீ. ஓட்டை போட்டு, ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு அறுங்கள். குறித்த கோட்டுக்கு உள்ளே 2 மி.மீ. விட்டு அறுத்துவிட்டு, மிச்சத்தை அரத்தாலோ பர்ராலோ கோடு வரை கொண்டுவாருங்கள். நீளக் கோட்டை ஒரே மூச்சில் போகாமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக அறுத்தால் சூட்டில் தகடு நெளியாது.

பக்கத்துக் கண்ணாடிகளை நனைத்த கோணிச்சாக்கால் மூடுங்கள். பொறி கண்ணாடியில் பட்டால் உருகிப் பதிந்துவிடும், துடைத்தால் போகாது. புதுக் கண்ணாடிக்கு உங்கள் கூலி முழுவதும் போகும். எலக்ட்ரிக் கருவியானால் சாக்கைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

ஜி.ஐ. தகடு சூடேறினால் துத்தநாகப் புகை வரும். அன்று சாயங்காலமோ ராத்திரியோ குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. காற்றோட்டமான இடத்தில், புகைக்கான மாஸ்க்கோடு அறுங்கள்.

பர்

வீல் அறுக்கும். ஓட்டையை நீட்டிக் காடியாக்க, வெல்டிங் முடிச்சைக் கரைக்க, உள்விளிம்பைச் சீராக்கக் கார்பைடு பர் வேண்டும். சுழலும் அரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவெட்டுப் பல் உள்ளது எஃகுக்கு. அகலமான ஒற்றைப் பல் உள்ளது அலுமினியத்துக்கு. எஃகுப் பர்ரை அலுமினியத்தில் வைத்தால் பல்லிடுக்கெல்லாம் அடைத்து மொழுமொழுவென்று ஆகிவிடும். ஓட்டும் முன் பர்ரில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் அவ்வளவாக ஒட்டாது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், நுனி உருண்ட உருளை வடிவத்தை வாங்குங்கள். முக்கால்வாசி வேலை அதிலேயே முடியும்.

ஓட்டைக்குள் வேலை செய்யும்போது, கருவியின் பின்னாலிருந்து பார்க்க, கடிகாரச் சுற்றில் நகர்த்துங்கள். வெளி விளிம்பில் எதிர்ச்சுற்றில். ஒரே இடத்தில் நிறுத்தாமல் வருடிக்கொண்டே போங்கள். கடகடவென்று அதிர்ந்தால் பல் உடைகிறது. வேகத்தைக் கூட்டி அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள், பிடிமானத்தையும் பாருங்கள். கார்பைடுத் தலை எஃகுத் தண்டில் பற்றவைத்து ஒட்டியது. தண்டு நீலமானால் சூடு மிஞ்சுகிறது என்று பொருள். இன்னும் ஏறினால் ஒட்டு இளகி, தலை பிய்ந்து பறக்கும். 150 மி.மீ. நீளத் தண்டுப் பர்ரை முழு வேகத்தில் அந்தரத்தில் ஓட்டவே கூடாது. வேகத்தைக் குறைத்து, ஓட்டைக்குள் வைத்த பிறகுதான் ஸ்விட்ச்.

பர் தரும் துருவல் ஊசி ஊசியாக இருக்கும். கையால் தட்டினால் விரலில் ஏறும், காற்றடித்தால் கண்ணுக்குப் போகும். ஒரு காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டுத் துருவலின் மேல் நகர்த்துங்கள். எல்லாம் பையில் ஒட்டிக்கொள்ளும். பையை உட்புறமாகத் திருப்பிக் காந்தத்தை எடுத்துவிட்டால் ஊசிகள் பைக்குள்ளேயே இருக்கும். அலுமினியத்துக்கும் பெரும்பாலான எஸ்.எஸ்.ஸுக்கும் இது நடக்காது, பிரஷ்தான்.

வேலை முடிந்ததும் ஸ்விட்சை விட்ட கையோடு கருவியைத் தரையில் போடாதீர்கள். சுழற்சி நிற்கும்வரை கையிலேயே இருக்கட்டும். காற்றுக் கருவியானால் வாயில் ஏர் டூல் எண்ணெய் மூன்று சொட்டு விட்டுச் சில நொடி ஓட்டிவிட்டு எடுத்துவையுங்கள், கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். பர்களை ஒன்றோடொன்று உரசாமல், ஓட்டை போட்ட மரக்கட்டையில் தலை மேலே தெரியும்படி நிறுத்திவையுங்கள். டப்பாவில் கொட்டிவைத்த பர்கள் ஒன்றின் பல்லை ஒன்று உடைத்துக்கொள்ளும்.